45,000 ரூபாய்க்கு ஒரு மடக்குக் கத்தி

கேள்வி கேட்ட தம்பி மதுரை திருநகர்க்காரர், கணினி நிறுவனத்தில் வேலை. டைட்டானியம் பிடி போட்ட அமெரிக்க மடக்குக் கத்தி ஒன்றின்மேல் அவருக்கு நெடுநாள் ஆசை. சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வரும் நண்பர் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் ஆகுமாம். அப்பாவிடம் சொன்னதற்கு, “அந்தக் காசுக்குத் திருப்பாச்சேத்தியில் ஒரு வண்டி அரிவாள் அடித்து வரலாம்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாராம். அந்தக் கத்தி அந்த விலைக்குத் தகுமா என்பதுதான் கேள்வி.

தம்பி, முதலில் உங்கள் அப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுவோம். அவர் கணக்கில் தப்பே இல்லை. திருப்பாச்சேத்தி அரிவாள் பெரும்பாலும் லாரியின் வில்பட்டையில் அடிப்பது. அந்தப் பட்டையில் கார்பன் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் இருக்கும். உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, வாய்க்குத் தோய்ச்சல் கொடுத்தால் சீமைக் கருவேல முடிச்சில் போட்டாலும் உடையாது. மழுங்கினால் ஓர் அரம் போதும். கொடுத்த காசு முழுவதும் வெட்டுக்கே போகிறது. அப்படி ஒரு பொருளை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவருக்கு, உள்ளங்கையில் அடங்கும் கத்திக்கு 45,000 என்றால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அரிவாள் கொல்லர் வேலை. மடக்குக் கத்தி கிட்டத்தட்டக் கடிகாரக்காரர் வேலை.

இதைச் சொல்ல இவர் யார் என்று கேட்பீர்கள். கே.புதூர் தொழிற்பேட்டையில் 22 ஆண்டுகளாக லேத்தோடும் மில்லிங் மெஷினோடும் இருக்கிறேன். இப்போது மூன்று மெஷின் வைத்துச் சொந்தமாகச் சிறு பட்டறை நடத்துகிறேன். கத்தி வியாபாரி இல்லை, சேகரிப்பவனும் இல்லை. என்னிடம் இருக்கும் டைட்டானியக் கத்தி ஒன்றே ஒன்று. அமெரிக்காவிலிருந்து திரும்பிய சித்தப்பா மகனிடம் எட்டு ஆண்டுகளுக்கு முன்பு பாதி விலைக்கு வாங்கியது. இன்றும் தினமும் என் சட்டைப் பையில் இருக்கிறது. ஆகவே நான் நடுநிலையானவன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் கொடுக்கும் 45,000-ல் வெட்டுக்குப் போவது கொஞ்சம். பெரும்பங்கு மடிப்புக்குப் போகிறது. மடிப்பில் உங்களுக்கு ருசி இருந்தால் வாங்கலாம். வெட்டத்தான் வேண்டும் என்றால், பத்தில் ஒரு பங்கு விலையில் இதைவிட நன்றாக வெட்டும் கத்தி கிடைக்கிறது.

இனி விரிவாகச் சொல்கிறேன். பலர் முதலில் தடுக்கி விழும் இடம், அலகே டைட்டானியம் என்று நினைப்பது. டைட்டானியத்தில் நல்ல கூர் நிற்காது. எஃகைப் போல அதைக் காய்ச்சித் தோய்த்துக் கெட்டிப்படுத்த முடியாது. உலோகத்தின் கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் நல்ல கத்தி எஃகு 58-லிருந்து 63 வரை போகும். பிடிக்குப் பயன்படும் டைட்டானியக் கலவை 36-ஐ ஒட்டியே நின்றுவிடும். ஆகவே இந்தக் கத்திகளில் டைட்டானியம் பிடியில் மட்டும்தான். அலகு எஃகு. “டைட்டானியம் பூசிய அலகு” என்று ஆயிரம் ரூபாய்க்கு விற்பது வெறும் மேல்பூச்சு, அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

டைட்டானியம் அபூர்வமான பொருளும் இல்லை. பூமியின் மேலோட்டில் அதிகம் கிடைக்கும் தனிமங்களில் அதற்கு ஒன்பதாவது இடம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணல் பார்த்திருப்பீர்கள். அதில் இருக்கும் இல்மனைட் டைட்டானியத் தாதுதான். உலகில் தோண்டும் தாதுவில் மிகப் பெரும் பகுதி உலோகமாக மாறுவதே இல்லை, வெள்ளை நிறமியாகிப் பெயின்ட் டப்பாவுக்குள் போகிறது. உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் டைட்டானியம் அந்தக் கத்தியில் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கும். மணலிலிருந்து உலோகத்தைப் பிரிப்பதில்தான் சிரமம். தாதுவைக் குளோரைடாக மாற்றி, காற்றே படாமல் மெக்னீசியத்தோடு வினைபுரியவைத்து, கடற்பஞ்சு போன்ற உலோகமாக எடுக்க வேண்டும். இது வில்லியம் க்ரோல் வகுத்த முறை. இந்தியாவில் இந்தப் பஞ்சு உலோகத்தைச் செய்யும் ஆலை கேரளத்தில் சவறாவில் இருக்கிறது, ஆண்டுக்கு 500 டன் கொள்ளளவு. அது விண்வெளித் துறைக்காக உருவானது. இவ்வளவு பாடுபட்டுப் பிரித்தாலும், ஒரு கத்தியின் பிடிக்குச் செலவாகும் உலோகம் சுமார் 100 கிராம்தான். விலையில் அது சிறு பங்கு. “டைட்டானியம் என்பதால் விலை” என்று யாராவது சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள்.

மறுபாதி உண்மை, அந்த உலோகத்தைக் கடைவதில் இருக்கிறது. எலும்பு முறிவுக்கு வைக்கும் தகடு மாதிரி ஒன்றுக்காக ஒருமுறை எங்கள் பட்டறைக்குக் கிரேடு 5 டைட்டானியம் வந்தது. அலுமினியம் 6 சதவீதம், வனேடியம் 4 சதவீதம் கலந்த அதே கலவைதான் நல்ல கத்திப் பிடிகளிலும் இருக்கிறது. மற்ற உலோகங்களைக் கடையும்போது பிறக்கும் சூட்டில் பெரும்பகுதி சீவலோடு போய்விடும். டைட்டானியம் சூட்டை எளிதில் கடத்தாது, சூட்டில் பெரும்பகுதி வெட்டும் டூலின் நுனியில் வந்து உட்காரும். வேகத்தைக் குறைத்தோம், கூலண்ட்டை ஆறாகப் பாய்ச்சினோம். அப்படியும் அலுமினியத்தில் ஒரு வாரம் ஓடும் இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டுமுனை) அரை நாளில் மழுங்கியது. சீவல் குவியல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலை பார்த்தோம். ஐந்து தகடு முடித்துக் கொடுத்த அன்று, டைட்டானியப் பொருளுக்கு யார் என்ன விலை சொன்னாலும் சிரிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

இவ்வளவு பாடு ஏன், அலுமினியத்தையே போடக்கூடாதா என்று கேட்கலாம். போடலாம், போடுகிறார்கள், நன்றாகவும் இருக்கிறது. டைட்டானியத்துக்கு இருக்கும் தனிக் குணம் அதன் வில்தன்மை. அதன் பலம் பல எஃகுகளுக்கு ஈடானது. ஆனால் எஃகைப்போல் இரு மடங்கு வளைந்துகொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பும். எடையோ, ஒரு கன சென்டிமீட்டருக்கு நாலரை கிராம், எஃகுக்கு ஏழே முக்கால். இந்தக் குணத்தைப் பயன்படுத்தித்தான் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிறிஸ் ரீவ் 1980-களில் ஒரு பூட்டைக் கண்டுபிடித்தார். பிடியின் ஒரு பக்கத் தகட்டிலேயே நீளமாக ஒரு கீறல் போட்டு, அடியில் கொஞ்சம் மெலித்துவிட்டால், அந்தத் துண்டே வில்லாகிவிடும். அலகு திறந்ததும் அந்த வில் உள்ளே சாய்ந்து அலகின் பின்புறத்தை முட்டுக்கொடுத்துத் தாங்கும். தனியாக ஸ்பிரிங் இல்லை, பொத்தான் இல்லை. நீங்கள் கத்தியை இறுக்கிப் பிடிக்கும்போது உங்கள் விரல்களே பூட்டையும் சேர்த்து அழுத்துகின்றன. இன்று பிரேம் லாக் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அவர் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து செய்த கத்தியின் பெயர் செபென்சா. ஜூலு மொழியில் வேலை என்று பொருள். நீங்கள் கேட்கும் வகைக் கத்திகளுக்கெல்லாம் அதுதான் மூத்த அண்ணன்.

இதில் ஒரு குறையும் உண்டு. டைட்டானியம் எஃகின்மேல் அழுந்தி உரசினால் ஒட்டிப் பிடிக்கும். பூட்டைத் திறக்கக் கட்டைவிரலால் தள்ளும்போது பிசின் மாதிரி இழுக்கும். அதற்காகச் சிலர் உரசும் முனையில் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளை ஏற்றுகிறார்கள், சிலர் அங்கே மட்டும் ஒரு சிறு எஃகுத் துண்டை வைக்கிறார்கள். செபென்சாவின் புதிய வடிவத்தில் அந்த இடத்தில் ஒரு பீங்கான் குண்டு இருக்கிறது. வாங்குமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் டைட்டானியம் வெறும் எஃகில் முட்டும் கத்திக்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள்.

இப்போது மடிப்பு. மடியாத கத்திக்கு ஆடும் பாகம் கிடையாது. மடக்குக் கத்தியின் அலகு ஓர் அச்சில் வழுக்கிச் சுழல வேண்டும், மடங்கியிருக்கும்போது தானாகத் திறக்கக் கூடாது, திறந்தபின் தானாக மடங்கக் கூடாது, மடங்கியதும் வாய் எந்தப் பக்கமும் உரசாமல் நட்டநடுவில் உட்கார வேண்டும். இந்த நான்கும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். அச்சை இறுக்கினால் ஆட்டம் போகும், சுழற்சி கெடும். தளர்த்தினால் நன்றாகச் சுழலும், ஆனால் அலகு பல் ஆடுவதைப் போல ஆடும். மலிவான கத்திகளில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையைத் தேடி ஸ்குரூவை மாதம் ஒருமுறை திருகிக்கொண்டே இருக்க வேண்டும்.

என் கத்தியை ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றி மேசைமேல் பரப்பினேன். இரண்டு டைட்டானியத் தகடு, அலகு, அச்சு ஸ்குரூ, அதன்மேல் ஏறும் ஒரு புஷ் (சிறு உலோகக் குழாய்), பாஸ்பர் வெண்கல வாஷர் இரண்டு, அலகு வந்து மோதி நிற்கும் பின், ஒரு தூண், கிளிப், சில்லறை ஸ்குரூக்கள். அவ்வளவுதான். இதற்கா இந்த விலை என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. பிறகு புஷ்ஷின் நீளத்தை மைக்ரோமீட்டரில் வைத்தேன். அலகின் தடிமனையும் இரண்டு வாஷரையும் சேர்த்து அளந்தேன். புஷ் மிக மிகச் சிறிதளவே கூடுதல் நீளம். வித்தியாசம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. திரும்பவும் அளந்தேன், அதேதான்.

அதனால் என்ன லாபம் என்றால், ஸ்குரூவை மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினாலும் தகடுகள் போய் அழுந்துவது புஷ்ஷின்மேல். அலகுக்கு மசகுப் படலம் அளவுக்கு ஓர் இடைவெளி எப்போதும் மிஞ்சுகிறது. முழுக்க இறுக்கியும் அலகு தங்குதடையின்றிச் சுழல்கிறது, இம்மியும் ஆடவில்லை. திருகிச் சரிசெய்ய அங்கே எதுவுமே இல்லை, எல்லாச் சரிசெய்தலும் மெஷினிலேயே முடிந்துவிட்டது. இப்படி ஒரு கத்தியை என் பட்டறையிலும் செய்துவிடுவேன். ஒரு வாரம் ஆகும், மூன்று புஷ் குப்பைக்குப் போகும். ஆயிரம் கத்தி செய்து ஆயிரத்திலும் இதே அளவு வரவேண்டும் என்னும்போதுதான் விலை எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்தது. நீங்கள் கத்திக்குக் கொடுப்பதைவிட, அளந்து பார்த்துத் தூக்கி எறிந்த பாகங்களுக்குக் கொடுக்கிறீர்கள்.

அலகுக்கு வருகிறேன். இந்த விலைக் கத்திகளில் பொடி உலோகவியல் எஃகு இருக்கும். உருக்கிய எஃகைப் பொடியாகத் தெறிக்கவிட்டு, அந்தப் பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கிச் செய்வது. அதனால் உள்ளே இருக்கும் கார்பைடு துகள்கள் நுண்ணியதாக, சீராகப் பரவியிருக்கும். 2001-ல் வந்த எஸ்30வி என்ற எஃகு ரகம் கத்திக்கென்றே உருவானது. அதில் கார்பன் 1.45, குரோமியம் 14, வனேடியம் 4 சதவீதம். 2021-ல் உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்த மேக்னாகட் இன்னும் ஒரு படி மேல், எளிதில் துருவும் பிடிக்காது, உடையவும் செய்யாது. இரண்டுக்கும் நடுவில் வந்த ரகங்களை எழுதினால் இந்தப் பதில் முடியாது. இந்த இடத்தில் யாராவது பழங்கால இரும்பு உலைகள் கிடைத்த கொடுமணலையும் நம் முன்னோர் உருக்கையும் இழுத்துக்கொண்டு வருவார்கள். பெருமைதான், ஆனால் பார்சல் பெட்டியைப் பிரிக்க அது உதவாது.

கூர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை நானே பார்த்தேன். புது மெஷின் வந்தபோது அட்டைப்பெட்டி மலைபோல் குவிந்தது. அட்டை கத்திக்கு எமன். 150 ரூபாய்க் கத்தி ஒன்றும் என் கத்தியும் வைத்து மாறி மாறிக் கீற்றுப் போட்டேன். காலைக் காபிக்கும் பதினொரு மணி வடைக்கும் இடையிலேயே மலிவுக் கத்தி அட்டையை வெட்டாமல் கிழிக்க ஆரம்பித்துவிட்டது. என் கத்தி மாலை வரை வெட்டியது, தாளைச் சீவும் கூர் போய்விட்டாலும் வேலை நிற்கவில்லை. இது உண்மையான வித்தியாசம். ஆனால் அன்றிரவு தீட்ட உட்கார்ந்தபோது மலிவுக் கத்திக்குக் கல்லில் ஐந்து நிமிடம் ஆனது, என் கத்திக்கு ஒரு மணி நேரம். வனேடியம் கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கடினம், வைரத் துகள் பதித்த தகடு இல்லாமல் வழிக்கு வராது. மிச்சம் பிடித்த நேரத்தில் பாதியை அங்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

கூர் நிற்பது வேறு, நன்றாக வெட்டுவது வேறு. இதை எனக்குக் கற்பித்தது மாங்காய். இந்த வகைக் கத்திகளின் அலகு பெரும்பாலும் முதுகில் 3 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். கல்லாமை மாங்காயைக் கீற்றுப் போட்டால் பாதி தூரம் வெட்டும், மீதியை ஆப்பு அடித்ததுபோல் பிளக்கும். கீற்றின் ஒரு முகம் வழவழப்பாக இருக்கும், மறுமுகம் சொரசொரப்பாக இருக்கும். அருகே என் மனைவி, அவர் அம்மா கொடுத்த அரிவாள்மனையில் உட்கார்ந்து அதே மாங்காயைத் தாள் தாளாகச் சரித்துக்கொண்டிருந்தார். என் கத்தியையும் கீற்றையும் ஒரு பார்வை பார்த்தார், விலையை அன்று நான் சொல்லவில்லை. வெட்டைத் தீர்மானிப்பது வாய்க்குப் பின்னால் இருக்கும் தடிமன். 2 மில்லிமீட்டருக்கும் மெல்லிய அலகு கொண்ட ஓப்பினெல், 1890-லிருந்து பிரான்சின் சவோய் மலைப்பகுதிக்காரர்களுக்கென்று செய்யப்படுவது, மாங்காயை அனாயாசமாகக் கீறும். அதன் மரப்பிடி ஐப்பசி மழையில் ஊறி அலகைக் கவ்விக்கொள்ளும், அதுதான் சங்கடம். சுவிஸ் ராணுவக் கத்தி என்று பெயர்பெற்ற சிவப்புப் பேனாக்கத்தியும் அப்படித்தான், மெல்லிய அலகு, எளிதில் மழுங்கும், எளிதில் தீட்டலாம். இரண்டும் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். சமையலறையிலும் தோட்டத்திலும் 45,000 ரூபாய்க் கத்தி இவற்றிடம் தோற்கும். இதைக் கேட்டு உங்களுக்கு வருத்தம் வந்தால், அந்தக் கத்தி உங்களுக்கு வேண்டாம்.

சாணை பற்றி ஒரு துயரக் கதையும் இருக்கிறது. நான் வெளியூர் போயிருந்த நாளில், தெருவில் சைக்கிள் சாணைக்காரர் வந்திருக்கிறார். என் மச்சான் நல்லது செய்வதாக நினைத்து, அரிவாள்மனை, கத்தரிக்கோலோடு என் கத்தியையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். சாணைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் எல்லாக் கத்தியையும் எப்படிப் பிடிப்பாரோ அப்படித்தான் பிடித்திருக்கிறார். சுழலும் உலர்ந்த கல்லில் மெல்லிய வாயை வைத்தால் நொடியில் சூடேறும். திரும்பி வந்து பார்த்தபோது நுனியில் வைக்கோல் மஞ்சள் படர்ந்திருந்தது. தோய்ச்சலில் ஏறிய கடினம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். நுனி அரை மில்லிமீட்டர் குறையும்வரை வைரத் தகட்டில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன், இரண்டு ஞாயிறு போனது. மச்சான் இன்னும் “கூர் நன்றாகத்தானே இருந்தது?” என்கிறார். மதுரையில் இந்தக் கத்தி வாங்கினால் வைரத் தகட்டுக்கும் சேர்த்து, தீட்டக் கற்றுக்கொள்ளும் பொறுமைக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அனுப்பித் தீட்டி வாங்க ஐடஹோ பக்கத்தில் இல்லை.

நம் ஊருக்கு டைட்டானியம் பொருந்தும் ஒரு விஷயம் வியர்வை. சித்திரை வெயிலில் இடுப்பில் கிடக்கும் கார்பன் எஃகுக் கத்தி ஒரே நாளில் புள்ளி விடும், எலுமிச்சையும் மாங்காய்ப் பாலும் பட்டால் கறுக்கும். டைட்டானியத்தை உப்பு ஒன்றும் செய்யாது. உடம்புக்குள்ளேயே வைத்துத் தைக்கிற உலோகம் அது. பொருந்தாதது கிளிப். அதை ஜீன்ஸ் பைக்கென்று செய்திருக்கிறார்கள். வேட்டி கட்டியவன் அதை எங்கே மாட்டுவது? சட்டைப் பையில் பேனா மாதிரி மாட்டினேன். வங்கியில் ஒரு பெரியவர் படிவம் நிரப்ப அதைக் கேட்டு வாங்கி, மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜைக்கு மற்ற கருவிகளோடு இதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். குங்குமம் அச்சுக்குள் இறங்கி, அடுத்த நாள் அலகு மணலில் இழுப்பதுபோல் நகர்ந்தது. கழற்றிப் பார்த்தால் வாஷரின் துளைகளில் எல்லாம் சிவப்பு. துடைத்து, கிரீஸ் வைத்து, பூட்டப் பத்து நிமிடம். ஓர் ஆறுகோணச் சாவியோடு உட்கார்ந்தால் வீட்டிலேயே கழற்றிப் பூட்டலாம் என்பது இந்த வகையில் எனக்குப் பிடித்த குணம். இப்போது பூஜையில் பிடியில் மட்டும் பொட்டு.

நிறம் வேண்டும் என்று அதிகம் கொடுக்காதீர்கள். நீலம், தங்கம், ஊதா என்று பளபளக்கும் பிடிகளில் சாயமே கிடையாது. மின்சாரம் செலுத்தி மேலே ஆக்சைடு படலத்தை வளர்க்கிறார்கள், படலத்தின் தடிமனுக்கு ஏற்ப சோப்புக் குமிழியில் போல நிறம் தெரிகிறது. நானும் என் மகனும் மூன்று 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கிளிப்பை முக்கினோம். கண்முன்னே மஞ்சளாகி, ஊதாவாகி, நீலத்தில் நின்றது. ஓர் ஆண்டில் சட்டை உரசி உரசி ஓரங்களில் வெளுத்துவிட்டது. அலை அலையாகக் கோலம் ஓடும் டமாஸ்கஸ் அலகும் கண்ணுக்குத்தான்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் வருவது 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் அலகுகள், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவை நீங்கலாக. உங்கள் மூன்றரை அங்குலக் கத்தி அந்தப் பட்டியலுக்குள் வராது. ஆனாலும் இரவில் வண்டியை நிறுத்திச் சோதிக்கும் காவலருக்கு அது கத்திதான், அதன் அளவையும் டைட்டானியத்தையும் அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. தேவை இல்லாத இடத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். மீனாட்சியம்மன் கோயில் வாசலில் செல்பேசியையே வாங்கி வைத்துவிடுகிறார்கள், இதோடு போய் வரிசையில் நிற்க வேண்டாம். நண்பரிடமும் சொல்லுங்கள், விமானத்தில் கைப்பையில் வைத்தால் வழியிலேயே பறிபோகும், பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? நானாக இருந்தால் இந்தச் சித்திரைக்கு வாங்க மாட்டேன். இரண்டாயிரம் மூவாயிரத்தில் மெல்லிய அலகுள்ள ஒன்றை வாங்கி ஓராண்டு வைத்திருப்பேன். வாரத்தில் எத்தனை முறை பையிலிருந்து எடுக்கிறேன், எதை வெட்டுகிறேன், மழுங்கினால் உட்கார்ந்து தீட்டுகிறேனா என்று பார்ப்பேன். பலருக்கு ஆசை அந்த ஓராண்டிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் அடுத்த படி சீனாவின் யாங்ஜியாங். கத்தித் தொழிலுக்கென்றே இருக்கும் நகரம் அது. அங்கிருந்து வரும் நல்ல டைட்டானியக் கத்திகள் அமெரிக்க விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும். அளவுச் சுத்தத்தில் சில அவற்றுக்குச் சமமாகவே நிற்கின்றன, நான் கழற்றிப் பார்த்ததில் ஒன்று என்னை வெட்கப்பட வைத்தது. அதற்கும் மேல் 45,000-தான் வேண்டும் என்றால், பயன்படுத்தியதை வாங்குங்கள். பேர்பெற்ற தயாரிப்பாளரின் கத்தி கைமாறினாலும் விலை அதிகம் சரியாது. பிடிக்காவிட்டால் விற்றுவிட்டு, போட்ட காசில் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். அலமாரியில் வைத்து அழகு பார்க்க மட்டும் என்றால், எதையும் வாங்க வேண்டாம் என்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கைக்கு வந்ததும் நான்கு விஷயம் பாருங்கள். அலகைத் திறந்து நுனியைப் பிடித்துப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசையுங்கள், துளியும் ஆடக் கூடாது. மடக்கி, முதுகுப்பக்கமிருந்து வெளிச்சத்தில் பாருங்கள், வாய் இரண்டு தகட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். பூட்டின் முனை அலகின் அடியில் முழுக்கக் கடைசிவரை ஓடிவிடக் கூடாது, புதுக் கத்தியில் முன்பாதியிலேயே நிற்க வேண்டும், தேய்மானத்துக்கு இடம் வேண்டும் அல்லவா. மடக்கிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் அலகு வெளியே வரக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் திருப்பி அனுப்புங்கள், இந்த விலையில் சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

அதற்குமுன் ஒருமுறையாவது இப்படி ஒன்றைத் திறந்து மூடிப் பாருங்கள். படத்தில் பார்த்தால் இது புரியாது, கையில் அந்த மடிப்பு எப்படி இருக்கிறது என்பதற்குத்தானே இத்தனை காசு. கே.புதூர்ப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், அப்பாவையும் அழைத்து வாருங்கள். என் கத்தியை மேசைமேல் வைத்துவிடுகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீட்டில் கொடுப்பதில்லை.